தட்டு மாற்றிய மறுநாள்

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலை. ஹாலில் வாடகை நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் தட்டுத் தட்டாக ஆப்பிள், சாத்துக்குடி, கற்கண்டு. அம்மா மிச்சமிருக்கும் தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒன்பது மணிக்குள் மூன்று போன் வந்துவிட்டது. “மண்டபம் பார்த்தாச்சா?” “பட்டு எடுக்க காஞ்சிபுரம் எப்போ போறீங்க?” “போட்டோவுக்கு நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், சொல்லிடட்டுமா?”

மூன்று பேருக்கும் ஒரே பதில் போதும்: “பேசிட்டுச் சொல்றோம்.” முதல் ஒரு வாரம் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நல்ல முகூர்த்தத்தில் மண்டபம் கிடைப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் வருவார்கள், கையில் எவ்வளவு பணம் என்று தெரியாமல் பிடித்த மண்டபம், பிறகு கல்யாணத்தையே தன் அளவுக்கு இழுத்துவிடும். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தைப் பிடித்தவர்கள் அதை நிரப்புவதற்காகவே பத்திரிகை வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆயிரமா, ஐந்நூறா?

என் அக்கா மகளுக்கு நிச்சயமான நான்காம் நாள் இரவு போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

“சித்தி, அவங்க வீட்ல ஆயிரம் பேர்னு சொல்றாங்க. அப்பா ஐந்நூறுதான் மனசுல வச்சிருக்கார். இப்பவே இப்படின்னா...”

“மாப்பிள்ளை என்ன சொல்றார்?”

“அவர்கிட்ட நான் இன்னும் பேசவே இல்ல. பெரியவங்க பேசிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, அவரவர் பக்கம் யார் யார் வருவார்கள் என்று பெயர் பெயராக எழுதச் சொன்னேன். முக்கால் மணி நேரம் எழுதினார்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாளில் சொந்தக்காரர்கள் நூற்றிருபது பேர்கூட இல்லை. மீதி முழுக்க அவருடைய அப்பா வேலை பார்த்த டிப்போவின் ஆட்களும், அவர்கள் தெருக்காரர்களும். ஏன் இத்தனை பேர் என்று இவள் கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “அப்பா இருபது வருஷமா இவங்க எல்லார் வீட்டுக்கும் போய் மொய் எழுதியிருக்கார். இப்போ இவங்களைக் கூப்பிடலைன்னா, அந்த நோட்டை அவர் எப்படித் திறப்பார்?”

அதுவரை ஆயிரம் என்பது அவளுக்குப் பகட்டாகத்தான் தெரிந்தது. ஒரு மனிதரின் இருபது வருடப் பழக்கவழக்கம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. அரை மணி நேரத்தில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். முகூர்த்தம் பெண் ஊரில் ஐந்நூறு பேரோடு; அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை ஊரில் எளிய வரவேற்பு, அதன் செலவு மாப்பிள்ளை வீட்டுடையது. பெரியவர்களிடம் இருவரும் ஒன்றாகவே போய்ச் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் ஒரே பதில் இரண்டு வாயிலிருந்தும் வந்ததால் நின்றது.

நிச்சயமான எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். எதிர் வீட்டிலிருந்து ஒரு எண் வந்தால், அதற்குப் பதில் எண் சொல்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். அதையும் உங்கள் துணையிடமே முதலில் கேளுங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

கடையில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். போனில் குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். போன் ஒருவர் கையில் இருக்கும். நோட்டை இருவரும், இரு வீட்டுப் பெரியவர்களும் புரட்டிப் பார்க்கலாம். அதில் நான்கு பகுதிகள் பிரியுங்கள்: ஆட்கள், பணம், வேலைகள், பேசியவை.

நான்காவது பகுதிதான் மிக முக்கியம். கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் சண்டை வருவதெல்லாம், முன்பே பேசியிருக்க வேண்டிய சில விஷயங்களைப் பற்றித்தான்:

1. எங்கே குடியிருப்போம்? மாப்பிள்ளையின் பெற்றோருடனா, தனியாகவா, வேலை இருக்கும் ஊரிலா? தற்காலிக ஏற்பாடு என்றால் எத்தனை மாதம்?
2. இருவரும் வேலையைத் தொடர்கிறோமா? மாற்றல் வந்தால் யார் யாருடன் போவது?
3. யாருக்கு எவ்வளவு கடன்? கல்விக் கடன், வீட்டுக் கடன், தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது, கிரெடிட் கார்டு — எல்லாம்.
4. சம்பளத்திலிருந்து பெற்றோருக்கு மாதாமாதம் கொடுப்பது எவ்வளவு? கல்யாணத்துக்குப் பிறகும் அது தொடருமா? இந்தக் கேள்வி மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்தான்.
5. குழந்தை எப்போது? உடனேயா, ஓரிரு வருடம் கழித்தா?
6. சமையல், துணி, வீட்டு வேலை யார் செய்வது?
7. சாப்பாடு, சாமி, விரதம், பண்டிகை — எதில் விட்டுக்கொடுக்க முடியும், எதில் முடியாது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டு போதும். பேசி முடித்ததும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். “கல்விக் கடன் இன்னும் மூன்று வருடம், மாதத் தவணை இருவரும் சேர்ந்து கட்டுவது” — இவ்வளவு போதும். எழுதும்போதுதான் ஒருவர் நினைத்ததும் மற்றவர் நினைத்ததும் வேறு என்பது பல சமயம் வெளியே வரும். அது கல்யாணத்துக்கு முன்பே வெளியே வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள்.

பணம்: எது யார் செலவு?

எங்கள் பக்கம் பெண் வீட்டார் முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டார் ரிசப்ஷன். சில ஊர்களில் கல்யாணமே மாப்பிள்ளை வீட்டில்தான். சில வீடுகளில் ஆளுக்குப் பாதி. வழக்கம் இப்படித்தான் என்று இரண்டு வீடும் தனித்தனியே நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதால்தான் மனஸ்தாபம் வருகிறது. மண்டபம், சாப்பாடு, புடவை வேட்டி, தாலி, பத்திரிகை, போட்டோ, நாதஸ்வரம், வேன், தங்கும் அறை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே “யார்” என்று ஒரு பெயர் எழுதுங்கள். கடைசியில் மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் தனியே வையுங்கள். அதைச் செலவழிக்க வழி தானாக வரும்.

கடன் வாங்கித்தான் கல்யாணம் என்றால், அந்தக் கடனை யார் அடைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள்தான். அப்படியானால் எவ்வளவு செலவு என்பதைச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். “நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க” என்ற வாக்கியத்தைக் கேட்காத பெண் வீடு குறைவு. இத்தனை சவரன், இந்தக் கார் என்று பிறகு அது வளரும். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி வாங்குவது, கொடுப்பது இரண்டும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை. அபராதமும் குறைந்தது 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, எது அதிகமோ அது. கேட்பதே தனிக் குற்றம். யாரும் கேட்காமல் வழக்கப்படி தரும் பரிசுகளுக்குத் தடை இல்லை; ஆனால் அவற்றுக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் பெண்ணிடமும், மாப்பிள்ளைக்கு வந்தவற்றின் பட்டியல் அவரிடமும் இருக்க வேண்டும். பொருள், தோராய மதிப்பு, தந்தவர் பெயர், அவர் என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் எழுத ஒரு நோட்டு போடும் நமக்கு இது புதிய வேலையே அல்ல.

மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் யாராவது கேட்டுவிட்டால், “வேண்டாம்” என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். பெண் வீட்டாரால் அதைச் சொல்ல முடியாது. இந்த ஒன்றை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதை அவள் வாழ்நாள் முழுக்க ஞாபகம் வைத்திருப்பாள்.

தேதியும் மண்டபமும்

இந்துக் குடும்பங்களில் பலர் ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களைத் தவிர்க்கிறார்கள். அதனால் ஆவணியிலும் தையிலும் வளர்பிறை முகூர்த்தங்களுக்கு நெருக்கடி. தேய்பிறை முகூர்த்தமோ வார நாளோ சரி என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தைப் பார்க்க வேண்டும்; கோயிலில் ஓலை வாசிக்க மூன்று ஞாயிறு வேண்டும் என்பதால் முதலில் பாதிரியாரிடம் பேசிவிட்டுத் தேதி வையுங்கள். முஸ்லிம் குடும்பங்களில் மஹர் தொகையை நிக்காஹ் மேடைவரை இழுக்காமல் இப்போதே பேசி, ஜமாஅத்தில் தேவையான கடிதங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் பார்க்கப் போகும்போது மேடையைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் சமையல்கூடம், பிறகு சாப்பாட்டு ஹால், பிறகு கழிப்பறை, கடைசியாக மேடை. ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று கேளுங்கள். ஐந்நூறு விருந்தினருக்கு நூறு இலை போடும் ஹால் என்றால் ஐந்து பந்தி. ஒரு பந்திக்கு அரை மணி என்றாலும் கடைசிப் பந்திக்காரர் இரண்டு மணி நேரம் காத்திருப்பார். மாடியில் சாப்பாடு என்றால் முட்டி வலிக்கும் பாட்டிகளுக்கு லிப்ட் உண்டா?

வாடகை என்று சொல்லும் தொகை, கடைசியில் நீங்கள் கொடுக்கும் தொகையாக இருக்காது. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். முகூர்த்தம் முடிந்து மறுநாள் மதியம், பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மண்டபத்துக்காரர் ஒரு தாளை நீட்டினார். கரன்ட் சார்ஜ், ஜெனரேட்டர் டீசல், சுத்தம் செய்யும் கூலி, சிலிண்டர் என்று வாடகையில் ஏறக்குறைய பாதி. மீட்டரில் இத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்றார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது மீட்டர் எதில் நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெண்ணை அனுப்பி வைக்கிற நேரத்தில் யாரோடு வாதாடுவது? கொடுத்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு பையன் போய் மீட்டரையும் ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கையும் மேனேஜர் முன்னிலையில் போட்டோ எடுத்துவிடுவான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரசீதின் பின்பக்கத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள்: எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, எத்தனை அறை, அதில் எத்தனை ஏசி, யூனிட்டுக்கு என்ன ரேட், ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா, வெளிச் சமையல்காரரையும் வெளி டெக்கரேஷனையும் அனுமதிப்பார்களா, தேதி மாறினால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும்.

சமையல் காண்ட்ராக்ட் பெரும்பாலும் இலைக் கணக்கு. இலை ஒன்றுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு இலை கூடினால் 25,000 ரூபாய். அதனால் ஒவ்வொரு பந்தி முடிந்ததும் காண்ட்ராக்டர் பக்கம் ஒருவரும் உங்கள் பக்கம் ஒருவரும் சேர்ந்து எண்ணி, அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பொறுப்பை, பந்தியில் நின்று பரிமாறுவதைக் கவனிக்கப் பிடிக்கும் ஒரு மாமாவுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

நகையும் புடவையும்

சவரனுக்கு 8 கிராம். கடையில் சேதாரம் 12 சதவீதம் என்றால், ஒரு சவரன் நகைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கத்தின் விலையைச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. சேதாரமும் செய்கூலியும் கேட்டுக் குறைக்கக்கூடியவை, கேளுங்கள். 22 காரட் நகையில் 916 என்ற முத்திரையோடு ஆறு இலக்க எச்யுஐடி எண் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்தது அது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக்கூடாது. பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் எண்ணைப் போட்டால் விவரம் வரும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பெண்ணின் நகைக்கான பில் பெண்ணிடமே இருக்கட்டும்.

புடவை எடுக்கப் போகும்போது கூட்டத்தோடு போகாதீர்கள். கட்டப்போகிறவளும், அவள் ரசனை தெரிந்த ஓரிருவரும் போதும். ரவிக்கை தைக்க மூன்று வாரமாவது விடுங்கள்.

இருவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

ஜாதகம் பார்த்த நாம், இதையும் பார்ப்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றை இருவருமே பார்த்துக்கொள்ளுங்கள். பெண்ணை மட்டும் அனுப்புவது நியாயமில்லை. முடிவு உங்கள் இருவருக்குள் இருக்கட்டும்; குடும்பக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியதில்லை.

ரத்த வகையில் பெண் நெகட்டிவ், மாப்பிள்ளை பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்திலும், பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போட்டால் போதும். முன்பே தெரிந்திருப்பதுதான் முக்கியம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் வெளியே ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுவில் கால் பங்கு பொது, அத்தை பிள்ளை மாமன் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு. குடும்பத்தில் காது கேளாமை, வலிப்பு, சிறு வயது மரணம் எதுவும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ரூபெல்லா தடுப்பூசி போடாத பெண் இப்போதே போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தவிர்க்க வேண்டும்.

பதிவு

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யலாம். அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகள் வேண்டும். ஆகவே பத்திரிகை அச்சடிக்கும் முன் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: உங்கள் பெயர்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா? இனிஷியல் மாறியிருந்தால் பிறகு அலைய வேண்டிவரும்.

1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்பவர்கள் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். தேதியை அதற்கேற்ப வையுங்கள். சடங்கு இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றியோ, தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணம், இந்துக்களுக்கு 1967-இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தத்தால் முழுச் செல்லுபடி உள்ளது. பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் பெண்ணைக் கட்டாயப்படுத்தவில்லை.

மனசு உறுத்தினால்

இந்த மாதங்களில் பேசப் பேச நெருக்கம் கூட வேண்டும். போனை எடுக்காவிட்டால் கத்துவது, யாரோடு பேசுகிறாய் என்று பாஸ்வேர்டு கேட்பது, உங்கள் வீட்டாரை மட்டமாகப் பேசுவது, வேலையை விடச் சொல்லி மிரட்டுவது — இவை கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்களிடம் முடியாவிட்டால் உங்களுக்கு நம்பிக்கையான அத்தையிடம், அண்ணனிடம் சொல்லுங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் எந்நேரமும் உண்டு. பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது, ஊரெல்லாம் தெரிந்துவிட்டது என்பதெல்லாம் பெரிய காரணமே இல்லை. பெற்றோர்களே, பிள்ளை தயங்கினால் செலவுக் கணக்கை எடுத்து வைக்காமல் முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் மாதம், வாரம் வாரமாக

1. முதல் வாரம்: அட்வான்ஸ் இல்லை. இருவரும் பேசி ஆட்கள் பட்டியலும் பணத்தின் அளவும் எழுதுவது.
2. இரண்டாம் வாரம்: இரு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து, எது யார் செலவு என்று முடிவு செய்வது. மூன்று தேதிகள் குறிப்பது.
3. மூன்றாம் வாரம்: மூன்று மண்டபங்களாவது நேரில் பார்ப்பது, ஒன்றைப் பிடிப்பது. சமையல்காரரிடம் பேசுவது.
4. நான்காம் வாரம்: ரத்தப் பரிசோதனை. சான்றிதழ்களில் பெயர், பிறந்த தேதி சரிபார்ப்பது. போட்டோகிராபர், நாதஸ்வரம் சொல்வது.

அந்த நோட்டைக் கல்யாணம் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் அக்கா மகள் வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். சமையலறை அலமாரியில் மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் அதே நீள நோட்டு இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கல்யாணக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் பால் கணக்கு, கேஸ் புக் செய்த தேதி, கல்விக் கடன் தவணை, மாமனாரின் பிரஷர் மாத்திரை. இரண்டு கையெழுத்தும் மாறி மாறி இருந்தன.